காற்று ஏற்றுகிற வண்டி

"மூணு பேர் உக்கார்ற சோபா இதுக்குள்ள போகுமா தம்பி?" என்று நான் கேட்டதும் கார் விற்கிறவன் சிரித்துவிட்டான். "சோபா போகாது மேடம். அதுல உக்கார்ற மூணு பேரும் தாராளமாப் போகலாம்." ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்த என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் என் முழங்கால் முன்சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. சீட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். மெல்லிசான ஃபோம். ஓரத்தில் ஒற்றைத் தையல். இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் அந்த ஆளிடம் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். லிட்டருக்கு நிஜமாகவே இருபத்திரண்டு கொடுக்குமா? ஏசி போட்டால் எவ்வளவு குறையும்? நாலு பேர் ஏறினால்? அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைச் சொல்லச் சொல்ல இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

அவருக்குக் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் புத்தியை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாததுதான் குறை. வீட்டில் எதைப் பார்த்தாலும் இது எவ்வளவு தின்னும், எவ்வளவு கொடுக்கும் என்றே பார்ப்பார். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் பின்னாலேயே வந்து தீயைக் குறைப்பார். எனக்கு சோபா, நாற்காலி பழுது பார்க்கும் வேலை. கிழிந்த துணியை உரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, புது ஃபோம் வைத்து, புதுத்துணி போர்த்தித் தைத்துக் கொடுப்பேன். ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் இன்னொருத்தருக்குக் கீழே தைத்துத் தைத்து விரல் காய்த்துப்போன பிறகு, வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்டு நானே தொடங்கினேன். தெருவில் என்னைக் குஷன்காரம்மா என்பார்கள். கொஞ்ச நாளில் அவரையும் குஷன்காரம்மா வீட்டுக்காரர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நானா போய்ச் சொல்லிக்கொடுத்தேன்? ஆனால் பழி என் தலையில்தான் விழுந்தது.

பிக்கப் வண்டி என் சம்பாத்தியம். காய்கறி வியாபாரி ஒருவர் வைத்திருந்த பழைய வண்டி. வாங்கி வெகுநாள் வரைக்கும் மழை பெய்தால் உள்ளே வெங்காய வாசனை அடிக்கும். லிட்டருக்கு ஒன்பது கொடுக்கும். ஏற்றமாக இருந்தால் எட்டு. இல்லையென்று நான் சொல்லவே இல்லை. அது குடிகாரன்தான். ஆனால் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாத குடிகாரன். ஆணி, கயிறு, ஃபோம் சுருள், மூன்று பேர் சோபா, அதன் இரண்டு குட்டி நாற்காலிகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு வரும். நான் ஓட்டுவதைப் பார்த்து ஆரம்பத்தில் தெருவில் சிரித்தார்கள். பிறகு வீடு மாற்றுவதற்கும் பீரோ தூக்குவதற்கும் அதே ஆட்கள் வந்து கேட்டைத் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் ஃப்ரிட்ஜை இதில்தான் கொண்டுவந்தார். அவரே போன வாரம் என் வீட்டுக்காரரிடம், "இவ்ளோ டீசல் குடிக்கிற வண்டிய எப்படி சார் கட்டி மேய்க்கிறீங்க?" என்று அனுதாபப்பட்டாராம். அதை இவர் வந்து என்னிடம் சொன்னார், சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்.

"வேணும்ங்கறப்ப வாடகைக்கு எடுத்துக்க. வருஷத்துக்கு ரெண்டு தரம் ரயில்ல போறோம்ங்கறதுக்காக இஞ்சினையா வாங்கி வாசல்ல நிறுத்திக்குவாங்க?" என்பது, பிக்கப்பை விற்றுவிட்டுக் கார் வாங்க அவர் சொல்லும் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பிக்கப் வாங்குவதற்கு முன்னால் வாடகை வண்டியில்தான் நான் பிழைத்தேன். காலையில் வருகிறேன் என்றவன் மத்தியானம் வருவான். சோபாவைத் தூக்க ஒரு கை கொடுக்கச் சொன்னால் அது என் வேலை இல்லை என்று பீடியைப் பற்றவைப்பான். ஒருமுறை, புதிதாகத் தைத்த வெள்ளை சோபாவை மூடாமல் திறந்த வண்டியில் போட்டு, மேலே தன் கிரீஸ் டப்பாவையும் வைத்துக்கொண்டு வந்தான் ஒருவன். கேட்டதற்கு, "வீட்ல சார் இல்லையா? சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றான். நான் இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தரமல்ல, பத்துத் தரம். அதற்கும் லிட்டருக்கும் சம்பந்தம் இல்லாததால் அவர் காதில் ஏறவில்லை.

காரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஒன்பதும் இருபத்திரண்டும். நடுவில் பதிமூன்று. அந்தப் பதிமூன்றை நான்தான் தினமும் ரோட்டில் கொட்டிக்கொண்டு வருகிறேன் என்பதுபோலப் பேசினார். எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க ஒரு தட்டு சோறு திங்கறீங்களே, அதுக்கு வீட்டுக்குள்ள எத்தன கிலோமீட்டர் ஓடறீங்க? மைலேஜ் பாத்தா மொதல்ல உங்களத்தான் விக்கணும்."

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, "உன் வண்டி பாதி நாள் காத்துதான் ஏத்திக்கிட்டு வருது. அதுவாவது தெரியுமா?" என்றார்.

"அப்ப ஒரு மாசம் பாருங்க. பாதி நாளுக்கு மேல பின்னாடி சுமை இருந்தா வண்டி இங்கயே இருக்கும். இல்லன்னா உங்க இஷ்டம்."

"சரி" என்றார். உடனே. இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் உடனே சரி என்றதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து சோதனை தொடங்கியது. ஆபீஸிலிருந்து வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராக வண்டியின் பின்பக்கம் போவார். தகரத் தளத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பார். சாமான் ஏற்றி இறக்கியிருந்தால் தூசி கலைந்திருக்கும். ஏற்றாவிட்டால் பொடிபோல அப்படியே படிந்திருக்கும். விரலைத் தூக்கி ஜன்னல் வழியாக என்னிடம் காட்டுவார். "இன்னைக்கும் காத்துதானா?" பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரிக் கேட்பார். நான் தைத்துக்கொண்டிருக்கும் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. நானும் அதுவரை கவனித்ததில்லை. ஒரு சோபாவைத் தைக்க நாலைந்து நாள் ஆகும். நடுவில் துணி சாம்பிள் காட்டப் போவேன், அளவெடுக்கப் போவேன், நூலும் ஆணியும் வாங்கப் போவேன். அதற்கெல்லாம் பின்னால் ஒன்றும் தேவையில்லை. அவ்வளவு பெரிய வண்டியில் ஒரு நூல்கண்டு உருண்டுகொண்டு வரும். முதல் வாரம் முடிவதற்குள் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்துபோனது. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் நான் மறுபடியும் அந்த ஃபர்னிச்சர் கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் போய் உட்கார வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம்.

என் கொட்டகையில் ஒரு பெரிய சோபா கிடந்தது. ஒரு வாடிக்கையாளர் பாதி வேலையில் ஊர் மாறிப் போய்விட்டார். போனும் எடுப்பதில்லை. தேக்குச் சட்டம், மூன்று பேர் படுத்தே தூங்கலாம். மறுநாள் காலையில் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு கை பிடித்து அதை வண்டியில் ஏற்றிக் கட்டினேன். எங்கே போனாலும் அது கூடவே வந்தது. நூல் வாங்கவும் வந்தது, அளவெடுக்கவும் வந்தது. சாயந்திரம் அவர் வந்து பார்த்தார்.

"இது எங்க போகுது?"

"டெலிவரி."

அடுத்த நாள் அதே சோபாவை அப்படியே நிறுத்த முடியாதே. கையில் தொழில் இருக்கிறது, பிறகென்ன? மிச்சத் துணியில் ஒரு நீல உறை தைத்து மாட்டினேன். அதற்கடுத்து கோடு போட்டது. பிறகு பூப் போட்டது. உறையை மாற்ற எனக்குக் கால் மணி நேரம் போதும், குண்டூசி குத்தினால் அதுவும் வேண்டாம். அவர் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மனுஷன் இத்தனை வருடத்தில் எந்த சோபாவையும் பார்த்ததில்லை, உட்கார்ந்ததோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். அவரை ஏமாற்றுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் எப்போதோ தொடங்கியிருப்பேன்.

ஆனால் தேக்கு தேக்குதான். அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்து வண்டி ஒன்பதிலிருந்து எட்டுக்கு வந்தது. பிறகு எட்டிலிருந்தும் இறங்கியது. அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. "பாத்தியா? இஞ்சின் போச்சு. இனிமே இது வண்டியில்ல, ஓட்டை டேங்க்" என்று ஊரெல்லாம் சொன்னார். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார். மெக்கானிக் எதையெதையோ கழற்றித் துடைத்து மாட்டினார். சோபாவை அவரும் சேர்ந்துதானே ஏற்றினார்? என் முகத்தைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷன். ஆனால் எனக்குப் புத்தி வந்தது. சுமை தெரிய வேண்டும், பாரம் இருக்கக் கூடாது. அன்றைக்கே சோபாவைக் கவிழ்த்துப் போட்டேன். உட்காரும் இடத்தின் குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கினேன். ஸ்பிரிங்கை எல்லாம் அறுத்தெடுத்தேன். ஃபோமை உருவினேன். வெளிச்சட்டமும் நாலு காலும் மட்டும் மிச்சம். மேலே துணியை முரசு மாதிரி இழுத்து ஆணி அடித்தேன். பார்க்க அழகாக, புதிதாக இருந்தது. யாரும் உட்காராத வரைக்கும் அது சோபா. இப்போது அதை நான் ஒருத்தியே இழுத்து ஏற்ற முடிந்தது.

அந்த மாதத்தின் நடுவில்தான் பல் டாக்டரம்மா கூப்பிட்டார். அவருக்கு இரண்டு க்ளினிக். காத்திருக்கும் இடத்து நாற்காலிகள், சோபாக்கள் எல்லாவற்றையும் மாற்றித் தைக்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போங்க, கொஞ்சம் கொஞ்சமா கொண்டுவந்து குடுங்க. பேஷன்ட் நின்னுகிட்டு இருக்கக் கூடாது. உங்ககிட்ட சொந்த வண்டி இருக்குன்னுதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றார். தனியாகத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய வேலை எனக்கு வந்ததில்லை. அதை வீட்டில் சொன்னேன். சண்டை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த வேல முடிஞ்சதும்?"

"முடிஞ்சா அடுத்த வேல. சரி, கார் வந்தா யாரு ஓட்டுவா?"

"ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவேன். லீவு நாள்ல நீ எடுத்துக்க."

"என் வேல லீவு நாள்லயா நடக்குது?"

"எங்கயாவது போகணும்னா சொல்லு, நான் கொண்டுபோய் விடறேன். முன்னாடியெல்லாம் அப்படித்தான? எங்க போகணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போவ. அப்ப என்ன கொறஞ்சு போச்சு? இப்ப நீ எங்க போற, எப்ப வர்றன்னு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

முன்னாடியெல்லாம் எப்படி இருந்தது என்று அவருக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. கையில் பையோடு கேட்டடியில் நிற்பேன். அவருடைய ஸ்கூட்டர் வரும், வராது. வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வரும். ஏறி உட்கார்ந்ததும், இந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று ஒரு விசாரணை. அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக்கூட அவருடைய நல்ல நேரம் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. இவ்வளவு நாளும் லிட்டர் லிட்டர் என்று இந்த மனுஷன் அளந்துகொண்டிருந்தது டீசலை இல்லை, என்னைத்தான் என்று அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அவரை அன்றைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதற்கு முன்னாலும் பிடிக்காமல் இருந்திருக்கிறது, ஆனால் மறுநாள் காலைக்குள் சரியாகிவிடும். இது சரியாகவில்லை.

மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. அன்று ஆபீஸ் விடுமுறை. நான் க்ளினிக்குக்குப் போய் முதல் நடை நாற்காலிகளை எடுத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வண்டியில் இருக்கும் போலி சோபாவைக் கொட்டகையில் இறக்கிவிட்டால் போதும். சாவியும் அளவு நாடாவுமாக வெளியே வந்தால், என் வண்டியின் கதவுப் பக்கம் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை பிக்கப்பைக் கேட்டு வாங்கிப்போவார். முந்தின நாளும் வாங்கிப்போய் ராத்திரி கொண்டுவந்து விட்டிருந்தார்; அதன் பிறகுதான் நான் சோபாவை மறுபடி ஏற்றிக் கட்டினேன். கையில் ஒரு பெரிய ஸ்டிக்கர். அதன் முதுகுத் தாளை உரித்து உரித்து, துணியால் நீவி நீவி, கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்தில் அவர் கடைப் பெயர். பாதி ஒட்டியாகிவிட்டது.

"வாம்மா" என்றார், என் வீட்டு வாசலில் இருந்துகொண்டு என்னையே. "கொமுளி இல்லாம ஒட்டணும். கொஞ்சம் அந்தப் பக்கம் புடிக்கிறியா?"

"என்ன மாமா இது?"

"கடைப் பேரு. வண்டி நம்ம கைக்கு வர்றப்ப பேரோட போகட்டுமேன்னு."

"மாசம் இன்னும் முடியலையே."

"எந்த மாசம்?" அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "இவன் உன்கிட்ட சொல்லலையா? நீங்க கார் பாக்கப் போறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சதும்மா. அத நம்பித்தான என் பழைய வேன தள்ளிவிட்டேன். கதவு அளவுகூட அப்பவே எடுத்துட்டுப் போயிட்டேன்."

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பனியன், வெறுங்கால், வாயில் பல் துலக்கிய ஈரம். அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்ததும் விஷயம் உடைந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்சமாவது கூசுவார் என்று பார்த்தேன். ஊஹூம்.

"தெனமும் வந்து வெரல வச்சுத் தடவுனீங்களே, எதுக்கு?" என்றேன்.

"நீ மட்டும் யோக்கியமா? நீலம், அப்புறம் கோடு, அப்புறம் பூ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எல்லா சோபாவுக்கும் ஒரே கால்ல ஒரே எடத்துல சில்லு பேந்திருக்கு. நான் மீட்டர் பாக்கறவன்டி. முள்ளு அசையுதா இல்ல யாராவது அசைக்கிறாங்களான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"எப்படியும் போகப்போற வண்டி. நீ ஆடற வரைக்கும் ஆடட்டும்னு விட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு, "மொதல்ல இந்தச் சனியன எறக்கறேன்" என்று வண்டிமேல் ஏறினார். கயிற்று முடிச்சு அந்தக் கடைசியில், சோபாவுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிப் போக இடமில்லை. சோபாவின் மேல் ஏறித் தாண்டலாம் என்று துணிமேல் காலை வைத்தார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணி படாரென்று கிழிந்தது. ஒரு கால் உள்ளே போக, நிலை தவறி அப்படியே உட்கார்ந்தார். உட்காருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இடுப்பு சட்டத்துக்குள் இறங்கி, இரண்டு முழங்காலும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கைகளைச் சட்டத்தில் ஊன்றி எம்பிப் பார்த்தார். தேக்குச் சட்டம், அசையவில்லை. அண்ணன் ஸ்டிக்கரை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், என்னடா, தொட்டில்ல போட்ட கணக்கா..."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவி கையில் இருந்தது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். அண்ணன் "ஏம்மா, ஏம்மா" என்று பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நடந்து வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

தெரு முனை வரைக்கும் பின்னாலிருந்து கத்தல் கேட்டது. மருந்துக்கடையைத் தாண்டும்போது கத்தல் நின்றுபோனது. ஏன் என்று கண்ணாடியில் பார்த்தபோது புரிந்தது. மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூப் போட்ட சோபாவுக்குள் பனியனோடு புதைந்து போகிறவர் சத்தம் போட்டுக்கொண்டு போவதா, பேசாமல் போவதா? பேசாமல் போவதுதான் கௌரவம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஒரு கையைச் சோபாவின் கைப்பிடிமேல் போட்டு, வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். இவரும் பதிலுக்குத் தலையை ஆட்டினார்.

பெரிய ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியை அவர் தட்டினார். கையைப் பின்னால் நீட்டித் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள்.

"வண்டிய வீட்டுக்குத் திருப்பு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கேட்காத குரலில்.

"திருப்பச் சொல்றீங்களா, திருப்ப முடியுமான்னு கேக்கறீங்களா?"

"வெளையாடாத. எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு."

"கேளுங்க. எங்க போகணும்னாலும் முன்னாடியெல்லாம் நான் கேட்டுட்டுத்தான போனேன்? எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருப்பியிருப்பேனா என்று எனக்கும் தெரியாது. பச்சை விழுந்ததும் பஸ்ஸுக்கு முன்னால் வண்டியை எடுத்தேன். க்ளினிக் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாதியில் ஒட்டிய ஸ்டிக்கரின் மிச்சம் காற்றில் கதவை அடித்துக்கொண்டே வந்தது. இவரை அங்கே யாருடைய கையைப் பிடித்து இறக்குவது, இறக்கிய பிறகு என்ன பேசுவது, சாயந்திரம் எந்த முகத்தோடு ஒரே வீட்டுக்குள் போவது, ஒன்றும் நான் யோசித்திருக்கவில்லை. இரண்டு நாற்காலி குறைவாக ஏற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் ஓடியது.

அப்போதுதான் டீசல் விளக்கு எரிந்தது. இவர் அண்ணன் ராத்திரி கொண்டுவந்து விட்ட லட்சணம் அது. டேங்க்கைத் துடைத்துக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு இந்த வண்டி சரியாக எவ்வளவு தூரம் போகும் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். ஒரு விடுமுறை நாளில் கேனில் டீசலை எடுத்துக்கொண்டு, வண்டி நிற்கிறவரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். நான் அந்த எண்ணை அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து விளக்கு தெரியாது.

பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் பெட்ரோல் பங்க் வந்தது. கூட்டமே இல்லை. பங்க் ஆள் ஒருவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, வருகிற வண்டியைப் பார்த்து எழுந்து நின்றார். அந்த எண்ணை அவரிடம் கேட்கவும் மனமில்லை, நிறுத்தி அவரை ஜெயிக்கவிடவும் மனமில்லை; நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு முழங்காலுக்கு நடுவே அவருடைய தலை மட்டும் மெதுவாகத் திரும்பி, பங்க் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் எப்படி வண்டியைக் கொண்டுவந்து விடுவார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தலை என் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாரா, திட்டுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. பாலத்தின் ஏற்றம் தொடங்கியது. கியரைக் குறைத்து மிதித்தேன்.